சீதன வீடும் சமாதான மேசையும்

கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றில் கல்யாணம் முடித்த ஒருவரிடம் "உங்கட வீடு எது?" என்று கேட்டால், அவர் கை காட்டுவது அநேகமாக மனைவியின் வீடாகத்தான் இருக்கும். மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போதே வீடும் பேசப்படுகிறது. மூத்தவள் முடித்ததும் அவள் பிறந்து வளர்ந்த வீடு அவளுக்கு. உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ, பக்கத்துக் காணியில் கட்டிய வீட்டுக்கோ மாறிவிடுவார்கள். அடுத்தவள் முடிக்கும்போது அந்த வீடும் கைமாறும். மகன்மார் வேறொருவருடைய மகளின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள். போகுமுன் தங்கைமாருக்குக் கூரை போட்டுக் கொடுக்கவும் வேண்டியவர்கள். கட்டார், சவூதி என்று போய் அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய சுவர்கள் இந்தக் கரையோரம் எங்கும் நிற்கின்றன. புருஷன் பெண்சாதிக்குள் பிணக்கு வந்தால், படலையைத் திறந்து வெளியே போக வேண்டியவர் புருஷன்.

இஸ்லாமிய வாரிசுரிமையில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு. ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே வீடும் காணியும் சீதனமாக மகள்மாரிடம் போய்விடுவதால், மௌத்துக்குப் பிறகு பங்கு பிரிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். மார்க்கச் சட்டத்தை யாரும் மறுக்கவில்லை. அது வாசலுக்கு வருமுன் காரியம் முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டை 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றில் தங்கியிருந்து கவனித்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அவர் யுத்தத்தைப் பற்றி எழுதப் போகவில்லை. அப்போது அங்கே யுத்தம் இல்லை. குடி என்ற வம்சக் குழு, சாதி, கோயில், பள்ளிவாசல், கல்யாணம் என்று ஊரின் எலும்புக்கூட்டைத் தேடிப் போனார். தமிழ் முக்குவர் சாதியாரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரே எலும்புக்கூட்டைக் கண்டார். இரு சமூகத்திலும் குடி தாய்வழியாக வருகிறது. ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை. கோயில் நிர்வாகத்தில் குடியின் சார்பில் வண்ணக்கர் இருந்தார் என்றால், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் சார்பில் மரைக்கார் இருந்தார். உம்மாவின் வழியில் எண்ணப்படும் குடிக்குப் பள்ளிவாசலில் ஓர் இருக்கை உண்டு. அதில் உட்காருபவர் ஆண். பின்னர் வந்த எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு தகவல் எனக்கு உதவியிருக்கிறது. வம்சத்தின் கணக்கு பெண்ணிடம், வாய் ஆணிடம்.

கிழக்கில் சமாதானம் பேசுகிற எல்லா மேடைகளிலும் ஒரு உவமை தவறாமல் வரும்: தமிழரும் முஸ்லிம்களும் "பிட்டும் தேங்காய்ப்பூவும்" போல வாழ்ந்தோம். உவமை பொய்யில்லை. கரையோர வீதியில் ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், மறுபடி ஒரு தமிழ் ஊர் என்று மாறி மாறித்தான் குடியிருப்பு. ஆனால் குழலுக்குள் பிட்டு ஓர் அடுக்கு, தேங்காய்ப்பூ ஓர் அடுக்கு. கலப்பது தட்டில் வந்த பிறகுதான். காத்தான்குடி வியாபாரி வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குச் சாமான் கொண்டுபோவார், தமிழ் வாடிக்கையாளர் மருதமுனைச் சாரத்தை வாங்குவார், வயலில் இரு பக்கத்தாரும் வேலை செய்வார்கள். கல்யாணம் மட்டும் அடுக்குத் தாண்டாது. அடுக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றாக வெந்த வாழ்க்கை அது. அந்த வாழ்க்கையை உடைத்தது எது, இப்போது ஒட்டவைப்பது எது என்று கேட்கும்போது, ஒப்பந்தங்களைவிட வீடுகளைப் பார்ப்பது பலன் தரும் என்பதே என் துணிபு. இந்த மண்ணில் முஸ்லிம் பெண்களோடும் குடும்பங்களோடும் இருந்து எழுதிய மானிடவியலாளர்களை வாசிக்க வாசிக்க அந்தத் துணிபு உறுதியாகிறது.

1990 எல்லாவற்றையும் மாற்றியது. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா என்ற இரவுத் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மீது விடுதலைப் புலிகள் சுட்டார்கள். கொல்லப்பட்டோர் நூற்றுக்கு மேல், ஆண்களும் சிறுவர்களும். அடுத்த வாரம் ஏறாவூரில் இரவோடிரவாக நூற்றுக்கு மேற்பட்டோர். இந்த முறை பெண்களும் குழந்தைகளும் சேர்த்து. அதே நாட்களில் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தாக்கியதில் கொல்லப்பட்டார்கள். ஒரு பக்கத்துப் பிணங்களை மட்டும் எண்ணுகிற கட்டுரையை நான் எழுத விரும்பவில்லை. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருந்த வீடுகள் இரு பக்கமும் கைவிடப்பட்டன. அவை யாரோ ஒரு மகளுக்கென்று எழுதிவைத்த வீடுகள்.

காத்தான்குடியில் அந்த ஓர் இரவில் எத்தனையோ பெண்கள் விதவையானார்கள். இஸ்லாத்தில் கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல். நிவாரணம் கொடுக்க வருபவர் வரிசையில் நிற்கச் சொல்கிறார். வரிசையில் நிற்பது யார்? வாப்பாவும் காக்காவும் (அண்ணனும்) சேர்ந்தே போயிருந்தால் யார் கையெழுத்துப் போடுவது? வாக்குமூலம் எடுக்க வரும் அதிகாரி திண்ணையில் நின்று ஆண்களிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டால், உள்ளே இருப்பவளின் வாக்குமூலம் எங்கே பதியும்? மதத்தைத் தெரியாமல் பெண்ணுக்கு உதவ முடியாது, பெண்ணைத் தெரியாமல் சமாதானத்துக்கு உதவ முடியாது என்பது இத்தகைய அற்பமாகத் தோன்றும் கேள்விகளில்தான் பிடிபடுகிறது.

அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு ஒக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சோதனைச் சாவடிகளில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவையும் கழற்றப்பட்டன. நகை என்பது இந்தப் பெண்களுக்கு அலங்காரத்துக்கும் மேல்; அவள் பெயரில் இருந்த சொத்து, அவளுடைய வங்கி. வீடும் நகையும் ஒரே நாளில் போனதென்றால், அந்தச் சமூகத்தில் பெண் கையில் இருந்த அதிகாரம் அத்தனையும் ஒரே நாளில் போனதாக அர்த்தம். வெளியேற்றத்தைப் பற்றி அரசியல்வாதிகள் பேசும்போது இந்தக் கணக்கு வருவதே இல்லை.

வெளியேற்றப்பட்டவர்கள் தங்கிய புத்தளத்து முகாம்களில் போய் அந்தக் கணக்கைக் கேட்டவர்களில் ஒருவர் மானிடவியலாளர் ஷரிகா திராணகம. அவர் யார் என்பதும் இங்கே முக்கியம். 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகமவின் மகள். யாழ்ப்பாணத்தை இழந்த ஒரு பெண், தமிழர் பெயரால் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்களிடம் போய் உட்கார்ந்து "உங்கட ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். மானிடவியல் ஆராய்ச்சியில் கேள்வி கேட்பவர் யார் என்பது பதிலை மாற்றிவிடும். இங்கே அது பதிலை ஆழமாக்கியிருக்கிறது.

2011இல் வெளிவந்த அவருடைய நூலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: 1990க்கு முன் "வடபுல முஸ்லிம்" என்று ஒரு கூட்டம் இருக்கவில்லை. யாழ்ப்பாணச் சோனகத் தெருக்காரர் வேறு, மன்னார்க்காரர் வேறு, முல்லைத்தீவுக்காரர் வேறு. அவர்களை ஒரே சமூகமாக்கியது வெளியேற்றம். வன்முறை ஒரு சமூகத்தை அழிப்பதோடு நிற்காமல் ஒரு சமூகத்தை உண்டாக்கியும்விடுகிறது. அடுத்தது "ஊர்" என்ற சொல். முகாமில் பிறந்த பிள்ளையிடம் ஊர் எதுவென்று கேட்டால் அது பார்த்திராத ஓர் ஊரின் பெயரை உம்மாவிடமிருந்து கற்று வைத்திருக்கிறது; ஆனால் விளையாடுவது, படிப்பது, சிநேகிதம் எல்லாம் புத்தளத்தில். ஒரே குடும்பத்தில் இரண்டு ஊர்.

புத்தளத்திலும் முஸ்லிம்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆரம்பத்தில் உள்ளூர் மக்கள் சோறு சமைத்து, பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டார்கள். அந்த உபகாரத்தை வந்தவர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனாலும் ஆண்டுகள் போகப் போக வேலை, காணி, பாடசாலை அனுமதி எல்லாவற்றிலும் உரசல் வந்தது. "அகதி" என்ற சொல் வசவாக மாறியது. வடக்கில் கடை முதலாளியின் மனைவியாக இருந்தவள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். ஒரே மார்க்கம், ஒரே மொழி, தொழும் திசையான ஒரே கிப்லா; இருந்தும் சமாதானம் தானாக வரவில்லை. முஸ்லிம் சமூகங்களில் சமாதானம் என்றவுடன் முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் மட்டும் பாலம் போடப் பார்ப்பது எவ்வளவு குறைப்பார்வை என்பதற்குப் புத்தளமே சாட்சி.

மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஷிரீன் சரூர் பின்னர் அதே மன்னாரில் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே கூட்டமைப்பில் சேர்த்து வேலை செய்தார். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இரு சமூகத்துப் பெண்களோடும் யுத்தத்தின் நடுவிலேயே இயங்கியது. இவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்கள் காணாமல்போனவர், கடன், வீட்டு வன்முறை, காணி உறுதி போன்றவை. காணாமல்போன மகனைத் தேடும் தாய் தமிழா முஸ்லிமா என்பது பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை.

இதே காலத்தில் கொழும்பில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை எழுதியவர் பர்சானா ஹனிபா. கொழும்புப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையைச் சேர்ந்த மானிடவியலாளர், தானும் முஸ்லிம் பெண். அல் முஸ்லிமாத் என்ற மகளிர் அமைப்பின் தஃவா (மார்க்கப் பிரசார) வகுப்புகளுக்குப் போய், நடுத்தர வர்க்கப் பெண்கள் பெண்களுக்கே மார்க்கம் போதிப்பதை உடனிருந்து பார்த்தார். சேலை முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டிருந்த தலைமுறை நீள அங்கியான அபாயாவுக்கு மாறிய காலம் அது. வெளியிலிருந்து பார்ப்பவர் அதில் ஒடுக்குமுறையை மட்டும் பார்த்தார். ஹனிபா பார்த்தது வேறு: குர்ஆனைத் தானே திறந்து வாசிக்கும் பெண், சபையில் எழுந்து பேசும் பெண், "மார்க்கம் இப்படிச் சொல்கிறது" என்று கணவனையும் மாமியையும் திருத்தும் பெண். பள்ளிவாசலில் மரைக்கார் இருக்கை கிடைக்காதவளுக்கு வரவேற்பறையில் ஒரு பிரசங்க மேடை கிடைத்தது.

எகிப்தில் கெய்ரோ நகரத்துப் பள்ளிவாசல் மகளிர் இயக்கத்தை ஆராய்ந்து சபா மஹ்மூத் 2005இல் எழுதியதை வைத்துப் பார்த்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்: பக்தியும் ஒரு வகை ஆற்றல்தான், மேற்குலகின் விடுதலைக் கணக்கால் அதை அளக்க வேண்டாம். ஹனிபா அங்கே நிறுத்தவில்லை. கெய்ரோவில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. இலங்கையில் 2012 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இருக்கவில்லை. இரண்டு பெரிய தேசியவாதங்கள் மோதும் நாட்டில் சிறுபான்மைப் பெண் தன் உடையால் தன்னைத் தனியாகக் காட்டும்போது, அது தன்னுடைய ஆத்மாவைப் பற்றிய விஷயமாக மட்டும் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அது ஒரு செய்தி. "நாங்கள் தமிழரும் இல்லை, சிங்களவரும் இல்லை, முஸ்லிம்கள்" என்ற அரசியலை, தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் "சோனகர் (இலங்கை முஸ்லிம்கள்) இனத்தால் தமிழரே" என்று வாதிட்டபோதே முஸ்லிம் தலைவர்கள் தொடங்கிவிட்டார்கள்; ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு எழுத்தில் மறுப்புக் கொடுத்தார். ஆனால் அந்த வேறுபாட்டைத் தினசரி உடம்பில் சுமக்கும் பொறுப்பு பெண்ணுக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். ஹனிபாவின் எழுத்தில் நான் மதிப்பது இந்த இரட்டை நேர்மையை. தான் ஆராயும் பெண்களை அவர் இழிவுபடுத்தவும் இல்லை, அவர்களுடைய பக்தி அயலாரோடு உள்ள உறவை என்ன செய்தது என்ற கேள்வியை விட்டுவிடவும் இல்லை.

அந்தக் கேள்விக்கு 2018 ஏப்ரலில் திருகோணமலையில் ஒரு கசப்பான பதில் வந்தது. ஓர் இந்து மகளிர் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதை எதிர்த்துத் தமிழர் போராட்டம் நடந்தது; அவர்கள் சேலையில் வரவேண்டும் என்பது கோரிக்கை. யுத்தத்தில் ஒரே மாதிரி அழுத இரண்டு சமூகத்துப் பெண்கள் ஓர் உடைக்காகப் பாடசாலை வாசலில் எதிரெதிரே நின்றார்கள். இரு பக்கமும் "எங்கள் பண்பாடு" என்றது. இரு பக்கமும் பண்பாட்டைப் பெண் உடம்பிலேயே தேடியது.

இனி மேசைக்கு வருவோம். 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு ஏப்ரல் மாதம் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். சில நாளில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் சந்தித்தார்கள். ஆனால் பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்கென்று தனித் தரப்பு கிடைக்கவில்லை. ஹக்கீம் அரசு குழுவில் ஒருவராகவே உட்கார்ந்தார். பெண்களுக்கு ஒரு துணைக்குழு அமைந்தது. அரசு தரப்பில் ஐவர், புலிகள் தரப்பில் ஐவர். நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபர்க் அனுசரணை. அரசு தரப்பில் குமாரி ஜயவர்தன, தீபிகா உடகம, குமுதினி சாமுவேல் ஆகியோரோடு பைசூன் சக்கரியா, பசீலா றியாஸ் என்ற இரு முஸ்லிம் பெண்கள். புலிகள் தரப்புக்கு அவர்களுடைய மகளிர் அரசியல் பிரிவின் தமிழினி தலைமை. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். குழுவும் அத்தோடு போயிற்று.

அந்தக் குழுவைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யுத்தம் செய்யும் இரு தரப்புப் பெண்கள் உத்தியோகபூர்வமாக எதிரெதிரே உட்கார்ந்தது உலகத்திலேயே அபூர்வம். ஆனால் மரைக்கார் இருக்கையை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் ஆண் அரசு பட்டியலில் வந்தார். முஸ்லிம் பெண்ணும் அரசு பட்டியலில் வந்தார். புத்தளத்து முகாமில் இருந்தவளுக்கோ ஏறாவூர் விதவைக்கோ யாருடைய பட்டியலிலும் இடம் இருக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 2004 டிசெம்பர் 26 அன்று கடல் வந்தது. இலங்கையில் மிக மோசமாக அடிபட்டது அம்பாறை மாவட்டக் கரை: கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது. சில நிமிடத்தில் ஆயிரக்கணக்கான சீதன வீடுகள் இல்லாமல் போயின. பிறகு வந்த அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் படிவம் கொண்டுவந்தார்கள். படிவத்தில் ஒரு பெட்டி: "குடும்பத் தலைவர்". அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. பெண்ணின் பெயரில் இருந்த வீடு இடிந்து, ஆணின் பெயரில் புது வீடு எழும்பியது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்த எல்லோருக்கும் அது இயல்பாகத் தோன்றியது. அரச காணி உத்தரவுப் பத்திரங்களை ஆளும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் ஆணை முன்னிறுத்தியது. மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்கள் அமைப்புகள் மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலோ எழுதச் சொல்லிக் கரடியாகக் கத்த வேண்டியிருந்தது.

மக்கில்வ்ரே மறுபடி வந்தார், மட்டக்களப்பில் நீண்ட காலம் ஆராய்ந்த பற்றீசியா லோறன்சோடு சேர்ந்து. கடற்கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்ற விதி கிழக்கில் போடப்பட்டிருந்தது. உதவியாளர்கள் "உங்களுக்கு வசிக்க ஒரு வீடு" என்று நினைத்தார்கள். குடும்பங்கள் நினைத்தது மகள்மாரை. மூன்று மகள் இருக்கிற வாப்பாவுக்கு ஒரு வீடு கிடைத்தால் இரண்டு குறைகிறது. அது பேராசையாக அறிக்கைகளில் பதிவாகியிருக்கலாம். குடியின் கணக்குத் தெரிந்தவருக்கு அது வெறும் கவலை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் எழும்பின. சுனாமியில் வீடிழந்த முஸ்லிம்களுக்கு என்று கட்டியவை, எல்லா இனத்தாருக்கும் பங்கிட வேண்டும் என்ற வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, சுற்றிலும் பற்றை மண்டியது. உதவிகளை அரசும் புலிகளும் சேர்ந்து பகிரும் பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் 2005 ஜூனில் கைச்சாத்தானபோது முஸ்லிம்கள் அதில் கையெழுத்திடும் தரப்பாக இருக்கவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்திவைத்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று நினைத்துவிடக் கூடாது. கிழக்கில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களை மூன்று சமூகத்திலும் ஆராய்ந்து 2006இல் எழுதிய காஞ்சனா ருவன்புர, வீடு பெண் பெயரில் இருந்தாலும் தீர்மானம் ஆண்களைச் சுற்றியே நடப்பதைக் காட்டினார். கொடுக்க வீடில்லாத குடும்பத்துப் பெண் முதிர்கன்னியாவதும், வீட்டுக்கு மேல் ரொக்கமாகக் கைக்கூலி கேட்கும் மாப்பிள்ளைமாரும், தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தலை நரைக்கும் காக்காமாரும் இதே வழக்கத்தின் மறுபக்கம். சீதனம் மார்க்கத்துக்கு முரண், பெண்ணுக்கு மஹர் என்ற மணக்கொடை கொடுக்க வேண்டியவன் ஆண் என்று மௌலவிமார் பிரசங்கம் செய்கிறார்கள். பெண்ணுரிமை பேசுபவர்களும் சீதனம் வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் நியாயம். ஆனால் சீதனத்தை ஒழிக்கும் வேகத்தில் பெண் பெயரில் இருக்கும் வீட்டையும் ஒழித்துவிட்டால் அவள் கையில் என்ன மிஞ்சும் என்று யாராவது கேட்க வேண்டும். கைக்கூலி வேறு, வீடு வேறு. இரண்டையும் பிரித்துப் பேச ஊருக்குள்ளேயே ஆட்கள் தேவை.

குர்ஆனில் "சமாதானம் மேலானது" என்று ஒரு வாக்கு உண்டு. சமாதானக் கருத்தரங்குகளில் மேற்கோளாக நிறைய வரும். அது வரும் இடம் அந்நிஸா அத்தியாயத்தின் 128ஆவது வசனம். அங்கே பேசப்படுவது போர் செய்யும் இரண்டு படைகளைப் பற்றியல்ல. கணவனின் வெறுப்பையோ புறக்கணிப்பையோ அஞ்சும் ஒரு மனைவியைப் பற்றியது. இதை முதன்முதலில் கவனித்தபோது நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன். இஸ்லாமியச் சமாதானத்தின் மிகவும் பிரபலமான வாக்கு ஒரு வீட்டுக்குள் நின்று சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த மனைவி இலங்கையில் முஸ்லிம்களின் விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குப் போனால் அவளை எதிர்கொள்வது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். கணவன் தலாக் சொல்லக் காரணம் தேவையில்லை. மனைவி பஸஹ் என்ற விவாகரத்துக் கேட்டால் காரணமும் வேண்டும், சாட்சியும் வேண்டும். கல்யாணப் பதிவில் அவளுக்குப் பதிலாக வலி எனப்படும் ஆண் பாதுகாவலர் கையெழுத்திடுகிறார். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் காதியின் அனுமதியோடு கல்யாணம் முடிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. திருத்தம் பற்றி ஆராய 2009இல் அமைந்த நீதியரசர் சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுத்தது 2018இல். ஒன்பது ஆண்டு.

தாமதத்துக்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. ஹலால் எதிர்ப்பு, 2014இல் அளுத்கம, 2018இல் திகன என்று முஸ்லிம்களுக்கு எதிரான ஒவ்வோர் அலை வரும்போதும் முஸ்லிம் பெண்களுக்குச் சொல்லப்பட்டது: "இப்ப வேணாம், வெளியில எதிரி நிக்கிறான்." முஸ்லிம் தீவிரவாதக் குழு ஒன்று நடத்திய 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பொறி இன்னும் இறுகியது. சில நாளில் முகம் மூடத் தடை வந்தது; தலையில் முக்காடு மட்டும் போட்டவர்களும் வீதியிலும் ஆஸ்பத்திரியிலும் அவமானப்பட்டார்கள். 2021 ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணிக்குத் தலைவராக, முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரத்தால் பெயர்பெற்ற பௌத்த பிக்கு ஞானசார தேரர் நியமிக்கப்பட்டார். காதி நீதிமன்றத்தில் அழுத பெண்ணின் கண்ணீரை அவளுடைய சமூகத்தின் மீதே எறியும் ஆயுதமாக எடுத்தார்கள். உள்ளே வாயைத் திறந்தால் துரோகி, திறக்காவிட்டால் அடிமை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, பெயர் தெரியாமல் தங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுத்த முஸ்லிம் பெண்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

வெளியிலிருந்து வந்த அன்பும் அதே காலத்தில் உண்டு. கொவிட் நாட்களில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை (உடல்களை) அரசு கட்டாயமாக எரித்தது. பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையும் 2020 டிசெம்பரில் எரிக்கப்பட்டது. மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை தமிழர் நடந்த பேரணி, எரிப்பை நிறுத்தும் கோரிக்கையையும் தூக்கிக்கொண்டு போனது. முஸ்லிம் ஊர்களைக் கடக்கும்போது முஸ்லிம்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாத இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. ஓட்டமாவடியில் இடம் கிடைத்தது. பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று யாரும் மேடையில் சொல்லாமலேயே அந்தச் சில நாள் அப்படி இருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு வடக்குக்குத் திரும்பப் போனவர்களின் கதை இன்னும் முடியவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ ஒரு வளவில் ஒரு வீடும் ஒரு குடும்பமுமாக இருந்தவர்கள் புத்தளத்தில் பெருகினார்கள். இரண்டு மணி நேரத்தில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சிறுமிக்கு இன்று கல்யாண வயதில் மகள்மார் இருக்கிறார்கள். ஊரில் காணி ஒன்றுதான். அதிலும் உறுதிப் பத்திரம் பலருக்கு அந்த வீட்டோடேயே போய்விட்டது; எஞ்சியிருந்தாலும் அது காலமாகிவிட்ட ஒரு வாப்பும்மாவின் (பாட்டியின்) பெயரில் இருக்கும். மீள்குடியேற்ற அலுவலகம் வெளியேறிய குடும்பங்களை எண்ணுகிறது. அந்தப் பெண்ணோ தன் மகள்மாரை எண்ணுகிறாள்: மூன்று பேர், மூன்று வீடு.